ஆரோக்கியசாமியைக் கீரி ஆக்கிய கதை

எனக்கு உவமை என்றாலே குமட்டும். மேடையில் எவனாவது "சிங்கம் போல, சிகரம் போல" என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்யாண வாழ்த்து மடலில் மணப்பெண்ணை நிலவு என்று அச்சடித்திருந்தால் அதை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டுவிடுவேன். "வயசாக வயசாக உனுக்கு இன்னாய்யா ஆவுது?" என்று என் மனைவி வசந்தா கேட்பாள். இதற்கும் வயசுக்கும் சம்பந்தமில்லை. ஆரோக்கியசாமி என்ற ஃபிட்டரை நானும் வேம்புலியும் சேர்ந்து என்ன பண்ணினோம் என்று சொன்னால்தான் இது புரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனி எங்களுடையது. நூற்று நாற்பது பேர் வேலை செய்தோம். நான் ஸ்டோர்ஸில் கிளார்க். வேம்புலி கிரைண்டிங் ஆபரேட்டர், யூனியனில் துணைச் செயலாளர். நானும் அவனும் ஆவடி சேக்காட்டில் ஒரே தெரு. காலையில் ஒன்றாக ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்போம். ஆரோக்கியசாமி எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். கொரட்டூரில் வீடு. மெஷின் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பேச்சில் அவர் படு கஞ்சன். ஆபரேட்டர்கள் ஓடி வந்து, "அண்ணாத்தே, மிஷின் கழுத கத்தறா மாரி கத்துது, வா வா" என்பார்கள். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "விட்டு விட்டுக் கத்துதா, ஒரே மூச்சா கத்துதா? மோட்டார் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்பார். கத்தியவனுக்குப் பதில் தெரியாது. தலையைச் சொறிவான். "போய்க் கேட்டுகினு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கேன்டீனில் புதிதாக வந்த சமையல்காரன், "பாயசம் எப்டிண்ணே கீது? அமிர்தம் மாரி இல்ல?" என்று கேட்டதற்கு, "சக்கர ஜாஸ்தி. சேமியா வேகல" என்றார். அவன் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அவர் வாயிலிருந்து ஒரே ஒரு உவமையைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை ஸ்டோர்ஸுக்கு வந்து பேரிங் ஒன்று வேண்டும் என்றார். மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன். "உள்ள அரிசி களையறா மாரி சத்தம் கீது. கூடு உடைஞ்சி குண்டுங்க அலையுது" என்றார். பிரித்துப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. அரிசி களைகிற சத்தம் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து உள்ளே உடைந்திருந்ததைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டார். உவமை எதற்கு என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல். உவமானம், உவமேயம், பொதுத்தன்மை என்று கோடு போட்டுப் பிரித்து எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவன். இங்கிலீஷில் கோட்டை விட்டதால் காலேஜ் போகவில்லை. அந்தப் பத்துக்குப் பத்து மட்டும் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் கை கால் உதறும். வேம்புலிக்கு நேர் எதிர். தொண்டை வெண்கலம், சரக்கு பூஜ்ஜியம். எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் பின்வரிசைவரைக்கும் கேட்கும், என்ன பேசுவது என்றுதான் தெரியாது. அதனால் நான் எழுதிக் கொடுப்பேன், அவன் பேசுவான். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மூன்றாவது ஆள் வசந்தா.

வேம்புலியின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் என் கையெழுத்தில் தலைப்பு போட்டு வைத்திருந்தேன். "முதலாளி" என்ற பக்கத்தில் அட்டை, முதலை, மலைப்பாம்பு. "ஒற்றுமை" என்ற பக்கத்தில் தேன்கூடு, ஆலமர விழுது, தேர்வடம். "துரோகி" என்ற பக்கத்தில் பதினோரு அயிட்டம் இருந்தது. கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டு, நட்டு, வாஷர் என்று ரேக்கில் அடுக்குவேன் இல்லையா, அதே புத்திதான். எந்தக் கூட்டத்துக்கு எது வேண்டுமோ எடுத்து மாட்டுவது. தூ! இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

எண்பத்தாறாம் வருஷம் ஜூனில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டோம். தினமும் காலை பத்து மணிக்குக் கேட் மீட்டிங். வேம்புலி டிரம்மில் ஏறுவான். அவன் ஒரு உவமை சொன்னால் சனம் விசிலடிக்கும். நான் பந்தல் ஓரமாக நின்று, எந்த வரிக்கு எவ்வளவு கைதட்டல் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கூடக் கவனிக்காதவன் இதைக் கவனித்தேன்.

இரண்டு மாதம் ஆனதும் நிர்வாகம் ஒரு தபால் அனுப்பியது. இந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது, வருகிற செவ்வாய்க்கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்பினால் யாரையும் வேலையைவிட்டு நீக்க மாட்டோம், திரும்பாவிட்டால் கம்பெனியை ஓசூருக்கு மாற்றிவிடுவோம் என்று. திங்கட்கிழமை மீட்டிங்கில் கை தூக்கி முடிவு செய்வது என்று ஆயிற்று. சும்மா பூச்சாண்டி காட்டுறானுங்க என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள்.

சனிக்கிழமை ஆரோக்கியசாமி பந்தலுக்கு வந்து, என்னையும் வேம்புலியையும் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பூச்சாண்டி இல்ல. ஸ்டிரைக்குக்கு முந்துன வாரம் ஓவர்ஹாலுன்னு சொல்லி நாலு மிஷினோட பவுண்டேஷன் போல்ட்ட என்ன வுட்டுக் கயட்ட சொன்னாங்க. கயட்டிட்டேன். பின்னாடி மரப்பெட்டி வந்து எறங்கியிருந்துது. மூடி மேல ஓசூர் அட்ரஸ் எழுதியிருந்துது. என் கண்ணால பாத்தேன். வேலைக்குப் பூடலாம்" என்றார்.

"இத்த ஏன் முன்னாடியே சொல்லல?" என்றான் வேம்புலி.

"உன் யூனியன் தலைவர்கிட்ட ரெண்டு தபா சொன்னேன். அப்பால பேசிக்கலாம்னாரு. நாளான்னைக்கு நானே எழுந்து சொல்லப் போறேன். எனுக்கு இந்த வேலதான் தெரியும். வேற வழி கெடியாது."

அவர் போனதும் வேம்புலி முகத்தில் ஈயாடவில்லை. ஆரோக்கியசாமி பொய் சொல்கிற ஆள் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் அறுபது நாளாக "வெற்றி வெற்றி" என்று டிரம்மில் நின்று கத்தியவன், திங்கட்கிழமை எந்த முகத்தோடு "போதும், உள்ளே போகலாம்" என்று சொல்வான்? செருப்பு பறக்கும். அவனுக்கு அந்தப் பயம். எனக்கு என்ன பயம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வேம்புலி எங்கள் வீட்டுக்கு வந்தான். "மச்சான், நாளைக்கி ஒண்ணு குடு. கூட்டம் கலையக் கூடாது. பெரிசா ஒண்ணு குடு" என்றான். கொல்லையில் கூடைக்குள் வசந்தாவின் கோழி அடை உட்கார்ந்திருந்தது. பார்த்தேன். அவ்வளவுதான், வந்துவிட்டது. பேனாவை எடுத்தேன். "தோழர்களே! தாய்க்கோழி இரை மறந்து, தண்ணீர் மறந்து அடைகாக்கிறது. நாளை பொரியும் குஞ்சுக்காக இன்று பட்டினி கிடக்கிறது. பொரியப் போகும் நேரத்தில் எழுந்து போகும் கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? அறுபத்து மூன்று நாள் அடைகாத்துவிட்டோம். முட்டைக்குள் சத்தம் கேட்கிறது!" வாசித்துக் காட்டினேன். வேம்புலி என் தொடையில் ஓங்கி அடித்து, "ஐயோ! சாவடிச்சிட்டே மச்சான்!" என்றான்.

கோழிக்குத் தண்ணீர் வைக்க வந்த வசந்தா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எத்தினி நாளு? அறுவத்தி மூணா? இருவத்தோரு நாள்ல பொரிக்கணும்யா. மிஞ்சிப் போனா ஒரு நாள் ரெண்டு நாள். அதுக்கு மேல ஆச்சுன்னா அது கூமுட்ட. தூக்கிக் குப்பையில கடாசணும், இல்லாங்காட்டி ஊடே நாறிப்பூடும். கோழி நல்லா எழுந்து போவும், நீங்கதான் எழுந்திரிக்க மாட்டேங்கறீங்க."

வேம்புலியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது சரி. என் உவமையை எடுத்து அதே உவமையால் என்னை அடித்துவிட்டாள். கோழி வளர்க்கிறவளுக்கு அது எதுவரை பொருந்தும், எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்திருக்கிறது. கோடு போட்டுப் பத்துக்குப் பத்து வாங்கியவனுக்குத் தெரியவில்லை. சரி, இப்போது தெரிந்துவிட்டதே, கிழித்துப் போட்டிருக்கலாம் அல்லவா? போடவில்லை. அந்த வரி அவ்வளவு அழகாக வந்திருந்தது. "நீ போய் வேலையைப் பாரு" என்று அவளை விரட்டினேன்.

வேம்புலி மெதுவாக, "ஆரோக்கியசாமி எழுந்து போல்ட்டு கதய சொன்னா இன்னா பண்றது?" என்று கேட்டான்.

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். "முட்டை இருக்கிற எடத்துக்குக் கீரி வராம இருக்குமா? அப்டின்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்க. மிச்சத்த சனம் பாத்துக்கும்" என்றேன். நோட்டில் எழுதியும் கொடுத்தேன்.

மறுநாள் நூற்று நாற்பது பேரும் வந்திருந்தார்கள். வேம்புலி டிரம்மில் ஏறிக் கோழியை எடுத்து விட்டான். முட்டைக்குள் சத்தம் கேட்கிறது என்ற இடத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போது ஆரோக்கியசாமி கையைத் தூக்கினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், குரல் மேலே எழும்பவில்லை.

"நாலு மிஷினு போல்ட்ட நான்தான் கயட்டுனேன். மூணாம் நம்பர், நாலாம் நம்பர் காயிலிங், அப்பால ரெண்டு கிரைண்டிங். பெட்டி மேல ஓசூர்னு..."

"தோழர்களே!" என்றான் வேம்புலி டிரம்மின் மேலிருந்து. "முட்டை இருக்கும் இடத்துக்குக் கீரி வராமல் இருக்குமா?"

யாரோ, "டேய் கீரி, குந்துறா!" என்று கத்தினான். சிரிப்பு. "கீரி, கீரி" என்று பந்தல் முழுக்க அதே சத்தம். ஆரோக்கியசாமி வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எவனுக்கும் தெரியாத விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்தப் பெட்டி, என்ன அட்ரஸ், என்றைக்குப் பார்த்தாய் என்று கேட்கவில்லை. கோழியும் கீரியும் போதும் என்று இருந்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பலாம் என்று ஒன்பது கைதான் எழுந்தது. என் கை அதில் இல்லை.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியின் பின்பக்கச் சுவரை இடித்து லாரி உள்ளே போயிற்று. நாங்கள் முன் கேட்டில் பந்தல் போட்டுக் காவல் இருந்தோம், பெரிய அறிவாளிகள். கிரேன் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு லாரி கிளம்பிவிட்டது. போலீஸ் நின்றிருந்தது. அதற்குப் பிறகு அந்த கேட் திறக்கவில்லை. கேஸ் வருஷக்கணக்காக நடந்து யாருக்கும் பிரயோசனமில்லாமல் முடிந்தது.

ஆரோக்கியசாமி சொன்னது நிஜமாகிவிட்டதே, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை. நிர்வாகத்துக்கு உளவு சொன்னதே இந்தக் கீரிதான், இல்லாவிட்டால் அவனுக்கு மட்டும் எப்படி முன்னாலேயே தெரியும் என்று கிளப்பிவிட்டார்கள். மனுஷனின் மேல் ஒரு பேரை ஒட்டிவிட்டால், அப்புறம் எது நடந்தாலும் அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரியே அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அவர் வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் கீரி வரைந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் அவர் மனைவி சகாயமேரி நின்றால், "கீரி ஊட்டம்மாவுக்கு வழி வுடு" என்றார்கள். எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்குப் போனார். அந்த சூப்பர்வைசருக்கு அவர் கைவேலை பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் அங்கே இருந்த யூனியன்காரர்கள், "கீரியையா எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். நாலாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படியே மூன்று இடம். கடைசியில் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜில் தண்ணி மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை கிடைத்தது. காது வைத்துக் கேட்டே மெஷினின் நோயைச் சொல்கிற மனுஷன், ஒரு சுவிட்சைக் காலையில் போட்டுச் சாயங்காலம் நிறுத்திக்கொண்டிருந்தார்.

நான் பூந்தமல்லியில் ஒரு அரிசி மண்டியில் பில் போட உட்கார்ந்தேன். வேம்புலி லேத் பட்டறை, ஆட்டோ என்று என்னென்னவோ பார்த்தான். கீரி என்ற சொல் என் கையெழுத்தில் இருந்தது என்று இரண்டு பேரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தொண்ணூற்றாறில் வேம்புலியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகைக் கட்டோடு வந்தவன், "மச்சான், கொரட்டூருக்குப் போவணும். அவருக்கு நேர்ல வைக்காம என் பொண்ணு கல்யாணத்த என்னால நடத்த முடியாது. நீயும் வா" என்றான். தாம்பூலத் தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கோயில் பூசை முடிந்து அவர்கள் அப்போதுதான் வந்திருந்தார்கள். சகாயமேரி எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இருந்து ஆரோக்கியசாமி, "வரச் சொல்லு" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

வேம்புலி தட்டை நீட்டிக்கொண்டே, "அண்ணாத்தே, சூரியன மேகம் மறைச்சா மாரி அன்னைக்கி..." என்று ஆரம்பித்தான்.

"நிறுத்து" என்றார். "இன்னா பண்ணேன்னு மட்டும் சொல்லு."

டிரம்மில் நின்று கத்தியவனுக்குச் சாதாரணமாக ஒரு வாக்கியம் பேச அவ்வளவு நேரம் ஆயிற்று.

"நீ சொன்னது நெசம்னு எனுக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் உன்ன கீரின்னு சொன்னேன். பயந்துகினு சொன்னேன்."

ஆரோக்கியசாமி தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சகாயமேரி காபி கொண்டு வந்து வைத்தாள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேம்புலியைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டா? நீ அந்தக் கோழிய சொன்னப்ப எனுக்கே ஒரு நிமிஷம் தடுமாறிப்பூட்ச்சு. போல்ட்ட நான்தான் கயட்டுனேன், என் கைதான். ஆனா நீ சொல்லச் சொல்ல, மெய்யாலுமே நான்தான் கெடுக்க வந்துகீறனோன்னு நெனச்சேன். அவ்ளோ நல்லா இருந்துது. எப்டிய்யா உனுக்குத் தோணுச்சு அது?"

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவன். நான் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன் அண்ணாத்தே. கோழி, கீரி ரெண்டுமே என்னுது" என்றேன்.

இதை நான் மனசு உறுத்திச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் நன்றாக இருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. அவ்ளோ நல்லா இருந்துது என்ற பேச்சு என் காதில் விழுந்ததும், அது வேம்புலி கணக்கில் போகக் கூடாது என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. சொல்லும்போது என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. சகாயமேரி பார்த்துவிட்டாள்.

"சிரிக்கிறாரு பாருங்க" என்றாள் புருஷனிடம்.

ஆரோக்கியசாமி என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அப்புறம் என் எதிரே இருந்த காபி டம்ளரை எடுத்துச் சகாயமேரி கையில் கொடுத்தார். "வேம்புலி, நீ குந்து. காபி குடி. கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வரோம்" என்றார். "கோயிந்தராஜு, நீ எழுந்து போ."

எழுந்து வந்தேன். வெயிலில் கொரட்டூர் ஸ்டேஷன்வரைக்கும் தனியாக நடந்தேன். ஒரு மனுஷன் தன் வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் அவர் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன், அவ்ளோ நல்லா இருந்துது, அவ்ளோ நல்லா இருந்துது என்று. சீ, எனக்கு அது அப்போதும் இனித்தது.